வீடு விற்கப் போறீங்களா? கையெழுத்து போடும் முன்பும் சாமான் ஏற்றும் முன்பும் கவனிக்க வேண்டியவை - முழு விவரம்!

பத்திரத்தில் கையெழுத்து போட்டாச்சு. பதிவும் முடிஞ்சாச்சு. ஆனால் பேசிய பணம் முழுசா வரவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் விற்ற சொத்து திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது என்பதுதான் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்.

குஜராத் மாநிலம் சூரத்தில் உள்ள ஒரு நிலம் தொடர்பான வழக்கு அது. 2009-ல் அந்த நிலம் 1.74 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 36 காசோலைகளாகப் பணம் கொடுக்கப்பட்டதாக பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் தங்கள் கைக்கு வந்தது வெறும் 40,000 ரூபாய்தான் என்று சொல்லி, விற்றவர்கள் 2014-ல் நீதிமன்றத்தை நாடினார்கள். 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. முழுத் தொகை வரவில்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி, பதிவான கிரையப் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது. பாக்கிப் பணத்தைக் கேட்டு வழக்கு போடலாம் என்றது நீதிமன்றம். வழக்கு தொடுப்பதற்கான காலக்கெடுவும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

வீடு வாங்குபவருக்கு யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விற்பவருக்குச் சொல்ல ஆளில்லை. "நம்ம வீட்டைத்தானே விற்கிறோம், நமக்கென்ன ரிஸ்க்?" என்ற நினைப்புதான் காரணம். உண்மையில் சிக்கல்களில் பெரும்பாலானவை, செய்ய வேண்டிய வேலையை வரிசை மாற்றிச் செய்வதால் வருபவை.

வரிசை இதுதான்: முதலில் ஆவணம், அடுத்து விலை, அதன் பிறகு ஒப்பந்தம், பணம், கையெழுத்து, கடைசியாக சாவி. தமிழ்நாட்டில் வீடு விற்று வேறு ஊருக்கோ, வேறு பகுதிக்கோ குடிபோகும் குடும்பங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

விளம்பரம் கொடுக்கும் முன் என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

வாங்க வருபவர் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஃபைலை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- உங்கள் பெயரில் உள்ள அசல் கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள்
- வில்லங்கச் சான்றிதழ் (ஈ.சி.)
- உங்கள் பெயரில் உள்ள பட்டா
- அனுமதி பெற்ற கட்டட வரைபடம்
- சொத்து வரி, குடிநீர் வரி, மின்கட்டண ரசீதுகள்
- அடுக்குமாடி வீடு என்றால், குடியிருப்போர் சங்கத்திடம் பாக்கி இல்லை என்ற கடிதம்

வில்லங்கச் சான்றிதழை பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். வாங்குபவரின் வக்கீல் பொதுவாக 30 வருட விவரம் கேட்பார். எப்போதோ கட்டி முடித்த கடன் இன்னும் அதில் நிற்கிறதா, சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டால், கடைசி நேரப் பதற்றம் இருக்காது.

பெயர், இன்ஷியல், அளவு மூன்றும் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் ஒரு இன்ஷியல், ஆதாரில் வேறு இன்ஷியல் என்றால் வங்கி கேள்வி கேட்கும். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருப்பது பல வீடுகளில் நடக்கும் கதை. வீடு வாங்கி இருபது வருஷம் ஆகியிருக்கும், பட்டா மாற்றியிருக்க மாட்டார்கள். விற்கும்போதுதான் அது நினைவுக்கு வரும். பெயர் மாற்றத்துக்கு இ-சேவை மையம் மூலமோ, இணையவழியிலோ விண்ணப்பிக்கலாம். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும் என்பதால் கூடுதல் நாள் பிடிக்கும்.

அசல் பத்திரம் தொலைந்துவிட்டால் அதை மறைத்து விற்க முயல வேண்டாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெறுவது, நாளிதழில் விளம்பரம் கொடுப்பது, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குவது என்று அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. இதற்கும் வாரக்கணக்கில் ஆகலாம்.

வீடு மறைந்த அப்பா பெயரில் இருந்தால் யாரெல்லாம் கையெழுத்து போட வேண்டும்?

அதிகம் தகராறு வருவது இங்கேதான். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், வீடு அவர் சம்பாத்தியம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அப்பாவின் தாயார், அதாவது பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுரிமை விதிகள் வேறு.

"தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சே, அவ கையெழுத்து எதுக்கு?" என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. சீர் செய்தது வேறு, சொத்தில் உள்ள சட்டப்படியான பங்கு வேறு. தங்கையின் கையெழுத்து இல்லாமல் விற்றால், அவருடைய பங்கு வாங்கியவருக்குப் போய்ச் சேராது. பிறகு வழக்கு வந்தால் விற்ற அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் முதலில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதை வழங்குபவர் தாசில்தார். பிறகு வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கிரையப் பத்திரத்தில் கையெழுத்து போடலாம். அல்லது மற்றவர்கள் ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு அவர் மட்டும் விற்கலாம். வாரிசுகளில் மைனர் இருந்தால், அந்தக் குழந்தையின் பெயருக்கு வந்த பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். வந்த பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வதையும் விலை பேசும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் விற்க முடியுமா?

தாராளமாக விற்கலாம். ஆனால் வாங்குபவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் வங்கியில் இன்றைய பாக்கித் தொகை எவ்வளவு, எந்தெந்த அசல் ஆவணங்கள் அவர்களிடம் இருக்கின்றன என்று கடிதம் வாங்குங்கள். வாங்குபவரும் கடன் எடுப்பவராக இருந்தால், அவருடைய வங்கி உங்கள் பாக்கியை நேரடியாக உங்கள் வங்கிக்குச் செலுத்தி, மீதியை உங்களுக்குக் கொடுக்கும். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது.

பலரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. கடன் வாங்கும்போது ஆவண ஒப்படைப்புப் பத்திரம் பதிவு செய்திருப்பார்கள். கடன் முடிந்ததும் அதற்கான ரசீதுப் பத்திரத்தையும் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றிதழில் கடன் தீர்ந்ததாகக் காட்டும். வங்கிக் கடிதம் மட்டும் கையில் இருந்தால் போதாது.

விலையை எப்படி முடிவு செய்வது?

பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு கோடிக்கு விற்றார் என்பது காதில் விழுந்த செய்தி. அதை வைத்து விலை வைக்க முடியாது. அதே பகுதியில், அதே வயதுள்ள கட்டடம் சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். வீடு வாங்குபவர்களுக்கு வங்கி கடன் கொடுக்கும்போது மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் போடும் மதிப்புக்கு மிக அதிகமாக நீங்கள் விலை சொன்னால், கடனை நம்பி வரும் நபரால் வாங்க முடியாது.

அரசின் வழிகாட்டி மதிப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5.40 லட்சம் ரூபாய். வழக்கமாக இதை வாங்குபவரே கட்டுகிறார். செலவு அவருடையது என்றாலும் பேரம் உங்களிடம்தான் நடக்கும்.

புரோக்கர் மூலம் விற்றால் கமிஷன் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் வரை கேட்கப்படுகிறது. எவ்வளவு, எப்போது தர வேண்டும், யார் தர வேண்டும் என்பதை வீட்டைக் காட்டும் முன்பே பேசி முடியுங்கள். அசல் பத்திரத்தை புரோக்கர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். நகல் மட்டும் போதும், அதிலும் "பார்வைக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

ஆன்லைனில் விளம்பரம் போட்டதும் "வீட்டைப் பார்க்கவே வேண்டாம், இப்பவே டோக்கன் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று அழைப்பு வரலாம். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ, பின் நம்பர் போடவோ தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

அட்வான்ஸ் வாங்கியதுமே நீங்கள் கட்டுப்பட்டுவிட்டீர்கள். அதனால் ஆவணங்கள் தயாராகும் வரை அட்வான்ஸ் வாங்காமல் இருப்பதே நல்லது. "மூணு மாசத்துல முடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, பட்டா மாறவே நாலு மாதம் ஆனால் தவறு உங்கள் பக்கம் ஆகிவிடும். பல ஒப்பந்தங்களில் விற்பவர் பின்வாங்கினால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் தர வேண்டும் என்ற வரி இருக்கும். படிக்காமல் கையெழுத்து போட வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

- மொத்த விலை, அட்வான்ஸ் தொகை, மீதி எப்போது, எந்த வழியில் தரப்படும்
- பதிவுக்கான கடைசி தேதி. வாங்குபவர் தவறினால் என்ன, விற்பவர் தவறினால் என்ன
- வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும்
- வீட்டோடு போகும் பொருட்கள்: ஃபேன், ஏசி, மோட்டார், கிச்சன் அலமாரி, இன்வெர்ட்டர்
- வாடகைக்கு யாராவது இருந்தால் அவர்களைக் காலி செய்து தருவது யார் பொறுப்பு
- பதிவுக்குப் பிறகு வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் அவகாசம்

கெடு தேதி ஆடியிலோ மார்கழியிலோ முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் பத்திரம் போட பலர் தயங்குவார்கள், "தை பொறக்கட்டும்" என்று தள்ளிப் போகும். அந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற சண்டை பிறகு வரும்.

தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும். வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் கணக்கைத் தீர்த்ததோடு விட்டுவிடக் கூடாது. இருவரும் சேர்ந்து ஒப்பந்த ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் அடுத்து வாங்க வருபவர் அந்தப் பழைய பதிவைப் பார்த்தே ஓடிவிடுவார்.

பாதிப் பணம் ரொக்கமாக வாங்கினால் என்ன ஆகும்?

"கைடுலைன் வேல்யூவுக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதியை கேஷா தர்றேன்" என்பது சகஜமாகக் கேட்கும் பேச்சு. இதில் முத்திரைத் தீர்வை மிச்சமாவது வாங்குபவருக்கு. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் விற்பவர்.

வருமான வரிச் சட்டப்படி, அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. அட்வான்ஸுக்கும் இதே விதிதான். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்க முடியும். 10 லட்சம் ரொக்கமாக வாங்கினால் அபராதமும் 10 லட்சம் வரை போகலாம். அந்த அபராதம் பணத்தை வாங்கியவருக்கு, அதாவது வீட்டை விற்றவருக்கு. போதாக்குறைக்கு, அந்த ரொக்கத்தை வைத்து இன்னொரு வீடு வாங்கப் போனால் அங்கேயும் கணக்கு காட்ட முடியாது.

வழிகாட்டி மதிப்பை விடக் குறைந்த விலைக்கு விற்றாலும் கவனம் தேவை. வழிகாட்டி மதிப்பு பத்திர விலையை விட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்து வரி போடப்படும். 50 லட்சத்துக்கு விற்கிறீர்கள், வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்றால் வரிக் கணக்கு 60 லட்சத்தில் இருந்து தொடங்கும்.

பதிவு நாளில் கவனிக்க வேண்டியது என்ன?

முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள், கூட்டமும் அதிகமாக இருக்கும். டோக்கனை இணையத்தில் முன்பதிவு செய்யலாம். அசல் அடையாள ஆவணங்கள், பான் கார்டு, இரண்டு சாட்சிகள் தேவை. பத்திரத்தின் வரைவை குறைந்தது இரண்டு நாள் முன்பே வாங்கி, நான்கு எல்லை, அளவு, பெயர், தொகை எல்லாவற்றையும் வரிக்கு வரி படியுங்கள்.

சூரத் வழக்கின் பாடம் பயன்படும் இடம் இதுதான். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். அது உண்மையாகும் வரை கையெழுத்து போட வேண்டாம். ஆர்டிஜிஎஸ் என்றால் தொகை உங்கள் கணக்கில் வரவாகிவிட்டதா என்று வங்கியில் உறுதி செய்யுங்கள். டிமாண்ட் டிராஃப்ட் என்றால் அதைக் கொடுத்த வங்கியில் விசாரியுங்கள். வங்கிக் கடன் என்றால் வங்கி ஊழியரே டிடியுடன் பதிவு அலுவலகத்துக்கு வருவது வழக்கம். பின்தேதியிட்ட காசோலையை நம்பி கையெழுத்து போடுவது ஆபத்து. "நம்ம சொந்தக்காரர்தானே" என்ற இடத்திலும் இதே விதிதான்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரத்தை இங்குள்ள நம்பிக்கையானவருக்கு அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பணம் பவர் வாங்கியவர் கணக்குக்குப் போகாமல் உரிமையாளர் கணக்குக்கே வரும்படி எழுதுவது பாதுகாப்பு.

விற்ற பணத்துக்கு வரி எவ்வளவு?

வீட்டின் விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவீதத்தை டிடிஎஸ் ஆகப் பிடித்து அரசுக்குக் கட்டுவார். 60 லட்சம் என்றால் 60,000 ரூபாய். அது உங்கள் பான் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள். பான் எண் இல்லாவிட்டால் 20 சதவீதம் வரை பிடிக்கப்படும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் அதை விட மிக அதிகம்.

வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபம் நீண்டகால மூலதன ஆதாயம் ஆகும். வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு, 20 சதவீத வரியோடு ஒப்பிடலாம். இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

ஒரு உதாரணம். 2010-11 நிதியாண்டில் 20 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை, 2025-26-ல் 60 லட்சத்துக்கு விற்கிறார் ஒருவர்.

- முதல் முறை: லாபம் 40 லட்சம். 12.5 சதவீத வரி 5 லட்சம்.
- இரண்டாவது முறை: பணவீக்கக் குறியீடு அப்போது 167, இப்போது 376. வாங்கிய விலை சுமார் 45 லட்சமாக உயரும். லாபம் சுமார் 15 லட்சம். 20 சதவீத வரி சுமார் 3 லட்சம்.

வித்தியாசம் 2 லட்சம் ரூபாய். செஸ் தனி. அதனால் அவசரப்பட்டு ஒரே கணக்கைப் போட்டு வரி கட்ட வேண்டாம்.

விற்ற தேதிக்கு ஒரு வருடம் முன்பாகவோ, இரண்டு வருடத்துக்குள்ளோ வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், அதில் போட்ட ஆதாயத் தொகைக்கு வரி விலக்கு கிடைக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி தேதிக்குள் வீடு அமையவில்லை என்றால், அந்தத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு தொடங்கி அதில் போட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கிலோ டெபாசிட்டிலோ வைத்திருந்தால் விலக்கு கிடைக்காது. புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றாலும் விலக்கு போய்விடும். வீடு வாங்க எண்ணம் இல்லாதவர்கள், 6 மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் குறிப்பிட்ட பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலீடு செய்யலாம். 5 வருடம் எடுக்க முடியாது.

வாரிசாக வந்த வீடு என்றால், அப்பா வாங்கிய விலையை வைத்தே கணக்கு. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கியது என்றால், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. பழைய பத்திரம், வீட்டைப் புதுப்பித்த பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வீடு மாற்ற வண்டி பிடிக்கும்போது எப்படி ஏமாற்றுகிறார்கள்?

பத்திர வேலை ஒரு பக்கம் நடக்கும்போதே குடிபோகும் வேலையையும் ஆரம்பித்துவிடலாம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களிலும் மே மாத விடுமுறையிலும் வண்டி கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறும். நல்ல நேரத்தில் பால் காய்ச்சிவிட்டு, சாமானை அடுத்தடுத்த சாதாரண நாளில் ஏற்றினால் செலவு குறையும்.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயரில் நடக்கும் மோசடி ஒரே மாதிரிதான் இருக்கும். போனில் மிகக் குறைந்த தொகை சொல்வார்கள். சாமான் வண்டியில் ஏறியதும் "எடை கூடிப்போச்சு, ரெண்டாவது மாடி, டோல் தனி" என்று தொகை இரண்டு மடங்காகும். தராவிட்டால் சாமானை இறக்க மாட்டார்கள். இதைத் தவிர்க்க:

- வீட்டுக்கு நேரில் வந்து பார்த்து விலை சொல்பவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள்
- அவர்களின் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு, பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்
- ஏற்று கூலி, இறக்கு கூலி, டோல், மாடி எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள்
- பொருட்களின் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்து போட வேண்டும்; லாரி ரசீதில் வண்டி எண் இருக்க வேண்டும்
- இன்சூரன்ஸுக்கு என்று பணம் கேட்டால் பாலிசி நகலைக் கேளுங்கள்
- முழுத் தொகையையும் முன்பணமாகத் தர வேண்டாம்

சாமானைத் தராமல் மிரட்டினால் போலீஸில் புகார் கொடுக்கலாம். சேவைக் குறைபாடு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நகை, பத்திரம், மருந்து, சர்டிபிகேட், லேப்டாப் இவற்றை ஒருபோதும் வண்டியில் ஏற்ற வேண்டாம். ஒரு பையில் போட்டு உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே காலி செய்து அணைத்துவிடுங்கள். புது வீட்டில் வைத்த உடனே ஆன் செய்யாமல் சில மணி நேரம் விடுங்கள். முதல் நாள் தேவைப்படும் பாத்திரம், போர்வை, பக்கெட், சார்ஜர், குழந்தைக்கு ஒரு செட் உடுப்பு இவற்றைத் தனிப் பெட்டியில் கட்டி, கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். இறங்கும்போது அது முதலில் வரும். பெட்டிகளின் மேல்பக்கம் எழுதுவதை விடப் பக்கவாட்டில் எழுதினால், அடுக்கிய பிறகும் படிக்க முடியும்.

எங்கெல்லாம் முகவரி மாற்ற வேண்டும்?

முதலில் ஆதார், ஏனென்றால் மற்ற பல இடங்களில் அதைத்தான் கேட்பார்கள். அடுத்து ரேஷன் கார்டு, வங்கி, இன்சூரன்ஸ். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8 கொடுக்க வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் 30 நாளுக்குள் முகவரி மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்.

வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டிரான்ஸ்ஃபர் வவுச்சர் பெற்றுக்கொள்ளுங்கள். சிலிண்டரை சாமான் வண்டியில் ஏற்றுவது ஆபத்து. பிள்ளைகளின் பள்ளியில் டிசி வாங்கும்போது, எமிஸ் பதிவிலும் மாணவரை விடுவித்துவிட்டார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் புதுப் பள்ளியில் சேர்க்கும்போது இழுபறி ஆகும்.

சாவி கொடுக்கும் நாள்

மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுங்கள், அன்று வரையிலான மின்கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். இபி இணைப்பு, சொத்து வரி, குடிநீர் இணைப்பு எல்லாவற்றையும் வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும் வரை பில் உங்கள் பெயரில்தான் வரும். அதனால் ஒரு மாதம் கழித்து போன் போட்டு, "பெயர் மாத்தியாச்சா?" என்று கேட்டுவிடுங்கள். எத்தனை சாவி, என்னென்ன பொருட்கள், எந்தெந்த அசல் ஆவணங்கள் கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கிரையப் பத்திரத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். வரித்துறை கேட்டால் அதுதான் உங்கள் ஆதாரம்.

பூஜை அறையையும் பரணையும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியும், வீட்டின் தாய்ப்பத்திரமும் பல வீடுகளில் ஒரே பரணில்தான் இருக்கும்.

விற்பவர் கையில் இருக்கும் பலம் இரண்டு: கையெழுத்தும் சாவியும். பணம் வந்த பிறகு கையெழுத்து, கணக்கு முடிந்த பிறகு சாவி. இந்த வரிசை மாறாமல் இருந்தால், புது வீட்டில் பால் பொங்கும்போது பழைய வீட்டைப் பற்றிய கவலை மனதில் இருக்காது.